ஃபைலா ஃபோல்டரா, ஃபைல் என்றால் என்ன வகை: ஆப் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஆப் எழுதிப் பழகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கோட் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். அவர்கள் எடுக்கும் வேலைகளில் இரண்டு திரும்பத் திரும்ப வரும். ஒன்று, சிம்மக்கல்லிலோ கோரிப்பாளையத்திலோ இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு வாடிக்கையாளர் போனிலிருந்தே ஃபைலை அனுப்பி பிரிண்ட் சொல்லும் ஆப். இன்னொன்று, யானைமலை, கீழவளவு, மாங்குளம் என்று மலை மலையாக ஏறி எடுத்த கல்வெட்டுப் படங்களை ஃபோல்டர் வாரியாக அடுக்கும் ஆப். இரண்டிலும் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: கைக்கு வந்தது ஃபைலா ஃபோல்டரா, ஃபைல் என்றால் என்ன வகை. அங்கே வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே. பெரும்பாலும் ஆண்ட்ராய்டு; ஐபோனுக்கும், இரண்டுக்கும் ஒரே கோட் எழுத உதவும் ஃப்ளட்டருக்கும் தேவையான அளவு.

பெயரின் கடைசியில் டாட் பிடிஎஃப் என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

லிஸ்டில் ஒரு சின்ன ஐகான் காட்டப் போதும். பிரிண்ட் எடுக்கவோ, சர்வருக்கு ஏற்றவோ, வேறு வகைக்கு மாற்றவோ போதாது. ஒரு கடைக்காரர் எங்கள் பையனிடம் சொன்னது: "தம்பி, போட்டோவை எடுத்து பேரை மட்டும் பிடிஎஃப்னு மாத்தி அனுப்பிடுறாங்க. திறந்தா ஃபைல் கெட்டுப்போச்சுங்குது." விண்ணப்பப் பக்கம் பிடிஎஃப் கேட்கிறது, கையில் இருப்பதோ மார்க்‌ஷீட்டின் போட்டோ, ரீநேம் செய்தால் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். ஃபைல் கெடவே இல்லை. உள்ளே நல்ல ஜேபெக் படம், மேலே தப்பான பெயர். ஆப் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் "இது படம், படமாகவே எடுக்கிறேன்" என்று வேலையை முடித்திருக்கும்.

ஒரு ஃபைலைப் பற்றி மூன்று சாட்சிகள் உண்டு: அதன் பெயர், அதை எடுத்துத் தருகிற ஆப் அல்லது சிஸ்டம், அதன் உள்ளே இருக்கும் பைட்டுகள். முதல் இரண்டும் சொல்லக் கேட்டவை. மூன்றாவதுதான் நேரில் பார்த்தது. அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து யார் சொல்வதை ஏற்பது என்று முடிவு செய்யுங்கள்.

கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எடுத்தால் எக்ஸ்டென்ஷன் வந்துவிடாதா?

ஃபைலுக்குப் பெரும்பாலும் வரும். "16.01.2025 அலங்காநல்லூர்" என்று ஒருவர் ஜல்லிக்கட்டுப் படங்களுக்கு ஃபோல்டர் வைத்திருந்தால், உங்கள் கோட் அதை "2025 அலங்காநல்லூர்" என்ற வகை ஃபைல் என்று சொல்லும். புள்ளியிலேயே தொடங்கும் டாட் நோமீடியா போன்ற ஃபைல்களுக்கு அது முழுப் பெயர், எக்ஸ்டென்ஷன் இல்லை. (அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரை கேலரி கண்டுகொள்ளாது என்பதும் தெரிந்திருக்கட்டும். "படம் எல்லாம் காணோம்" என்ற புகாரில் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.) அதனால் முதலில் ஃபோல்டரா என்று கேளுங்கள், இல்லை என்று உறுதியான பிறகு எக்ஸ்டென்ஷன் பக்கம் போங்கள்.

ஆங்கிலப் பெயர் வைத்தால் வகை சரியாக வருகிறது, தமிழில் பெயர் வைத்தால் காலியாக வருகிறது. ஏன்?

நம் ஊரில் ஆப் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது. வெளிநாட்டு டுடோரியல்களில் பெரும்பாலும் வராது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தப் பிரச்சினை வருவதே இல்லை.

ஃபைலின் வகைக்கு எல்லா சிஸ்டமும் பயன்படுத்தும் பொதுப் பெயர் மைம் டைப். ஆண்ட்ராய்டில் அதைத் தேடித் தர மைம்டைப்மேப் என்ற வகுப்பு இருக்கிறது. அதில் "கெட் ஃபைல் எக்ஸ்டென்ஷன் ஃப்ரம் யூஆர்எல்" என்ற ஃபங்ஷனைத்தான் எல்லோரும் காப்பி அடிக்கிறார்கள். அதன் உள்ளே ஒரு ரெஜெக்ஸ் (எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் விதி) உட்கார்ந்திருக்கிறது: ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி, சதவீதக் குறி, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். பெயரில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ஒரு இடைவெளியோ இருந்தால் காலி ஸ்ட்ரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். எர்ரரும் வராது. "காதணி விழா.பிடிஎஃப்" என்றால் இரண்டு காரணங்களுக்காகவும் தோற்கும்.

தீர்வு எளிது. அந்த ஃபங்ஷனை விட்டுவிட்டு, பெயரை நீங்களே கடைசிப் புள்ளியில் வெட்டுங்கள். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழியான கோட்லினில் ஃபைல் வகுப்பின் "எக்ஸ்டென்ஷன்" பிராப்பர்ட்டியே இதைச் செய்யும், தமிழ் அதற்குப் பிரச்சினை இல்லை. வந்ததைச் சின்ன எழுத்தாக்கி, பிறகு "கெட் மைம் டைப் ஃப்ரம் எக்ஸ்டென்ஷன்" என்பதற்குக் கொடுங்கள். சின்ன எழுத்தாக்கும்போது லோக்கேலை ரூட் என்று குறிப்பிடுங்கள்; துருக்கி மொழி வைத்திருக்கும் போனில் ஆங்கில ஐ எழுத்து வேறாக மாறும். மதுரையில் அப்படி ஒரு போனைப் பார்ப்பது அபூர்வம்தான், ஆனாலும் எழுதுகிற கோட் சரியாக இருக்கட்டும்.

பெயரின் நீளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபைல் பெயருக்கு வழக்கமான எல்லை 255 பைட். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "மீனாட்சி" என்ற சொல் கண்ணுக்கு 4 எழுத்து. உள்ளே எழுத்தும் குறியுமாக 8, ஆக 24 பைட். 85 குறிக்கு மேல் போனால் சேமிக்காது. கல்யாணப் பத்திரிகைக்கு இரு வீட்டார் பெயரும் மண்டபத்தின் பெயரும் சேர்த்து வைக்கிறவர்கள் அந்த எல்லையைத் தாண்டுவது சுலபம்.

ஃபைல் பிக்கரில் இருந்து வருவது பாத் மாதிரியே இல்லையே. இதில் எக்ஸ்டென்ஷன் எங்கே?

அது பாத் அல்ல, கன்டென்ட் யூஆர்ஐ. வாட்ஸ்அப், கூகுள் டிரைவ், டவுன்லோட்ஸ் என்று யாரோ ஒரு ஆப் தன்னிடம் இருக்கும் ஃபைலுக்குக் கொடுத்த டோக்கன். கடைசியில் ஒரு எண் மட்டும் இருக்கலாம். அதை அறுத்து உண்மையான பாத்தைக் கண்டுபிடிக்கும் கோட் இணையம் முழுக்கக் கிடக்கிறது, தொடாதீர்கள். ஆண்ட்ராய்டு 4.4-இல் இந்தப் பிக்கர் முறை வந்தது. 10-இல் ஸ்கோப்டு ஸ்டோரேஜ் (மற்ற ஃபைல்களை ஆப் தொடுவதற்கான கட்டுப்பாடு) வந்த பிறகு, பாத் கிடைத்தாலும் படிக்க அனுமதி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். கன்டென்ட்ரிசால்வரின் "கெட்டைப்" வகையைச் சொல்லும். "ஓப்பனபிள் காலம்ஸ்" வழியாகக் கேட்டால் பெயரும் அளவும் வரும். அளவு சில நேரம் வராது, அதற்கும் தயாராக எழுதுங்கள். "அப்ளிகேஷன் ஆக்டெட் ஸ்ட்ரீம்" என்று பதில் வந்தால், "எனக்குத் தெரியாது" என்று அர்த்தம். அப்போது பைட்டுகளைப் பார்க்க வேண்டியதுதான்.

பிக்கரில் பிடிஎஃப் மட்டும் வேண்டும் என்று சொன்னேன். பயனரின் பிடிஎஃப் மங்கலாக, தொட முடியாமல் இருக்கிறது.

அந்த ஃபைலை வைத்திருக்கும் ஆப் அதற்குத் தப்பான மைம் டைப் சொல்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க விட்டு, தேர்ந்தெடுத்த பிறகு நீங்களே சோதியுங்கள்.

"ஃபோல்டரா" என்று கேட்கும் இஸ்டைரக்டரி ஃபால்ஸ் என்றால் அது ஃபைல்தானே?

இல்லை. அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஃபால்ஸ். இருந்து, பார்க்க அனுமதி இல்லாவிட்டாலும் ஃபால்ஸ். அதனால் "ஃபோல்டர் இல்லை, ஆகவே ஃபைல்" என்று எல்ஸ் பகுதியில் எழுதாதீர்கள். இஸ்ஃபைல் என்று தனியாகக் கேட்டு, இரண்டும் இல்லை என்றால் மூன்றாவது கிளையாக வையுங்கள். அந்த மூன்றாவது கிளையில்தான் பயனருக்கு ஒழுங்கான செய்தி காட்ட முடியும்.

உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் லிஸ்ட்ஃபைல்ஸும் இதே ரகம்: காலி ஃபோல்டருக்குக் காலி வரிசை, ஃபோல்டரே இல்லாவிட்டாலோ படிக்க முடியாவிட்டாலோ நல் (வரிசையே இல்லை என்ற பதில்). நல்லைக் காலி என்று எடுத்துக்கொண்டால் "இந்த ஃபோல்டரில் படங்கள் இல்லை" என்று ஆப் பொய் சொல்லும். ஆண்ட்ராய்டு 8-உம் அதற்கு மேலும் மட்டும் போதும் என்றால் ஜாவா என்ஐஓ-வின் ஃபைல்ஸ் வகுப்பைப் பயன்படுத்துங்கள். என்ன காரணத்தால் முடியவில்லை என்பதை எக்ஸெப்ஷனாகவே சொல்லிவிடும்.

பயனர் தேர்ந்தெடுத்த ஃபோல்டரின் உள்ளே ஃபைல், ஃபோல்டர் பிரிக்கிறேன். படம் அதிகம் இருந்தால் ஆப் உறைந்துவிடுகிறது.

டாக்குமெண்ட்ஃபைல் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அது பார்க்க ஃபைல் வகுப்பு மாதிரியே இருக்கும், அங்கேதான் ஏமாற்றம். ஒவ்வொரு உருப்படிக்கும் "பெயர் என்ன", "ஃபோல்டரா" என்று கேட்கும்போதெல்லாம் அது வேறு ஒரு புராசஸுக்குப் போய்த் தனித்தனியாக ஒரு குவெரி போடுகிறது. கல்யாண போட்டோகிராபர் ஒருவரின் ஃபோல்டரில் 3000 படம் இருந்தால், பெயரும் வகையும் கேட்க மட்டும் 6000 குவெரி.

இதற்குப் பதில் டாக்குமெண்ட்ஸ்கான்ட்ராக்ட் வகுப்பில் பிள்ளை டாக்குமெண்டுகளின் யூஆர்ஐயைக் கட்டி, ஒரே குவெரியில் ஐடி, பெயர், மைம் டைப் மூன்றையும் கேளுங்கள். ஃபோல்டருக்கு அங்கே தனி மைம் டைப்பே உண்டு. மைம்_டைப்_டிர் என்ற கான்ஸ்டன்டோடு ஒப்பிட்டால் முடிந்தது. இதையும் திரையை இயக்கும் மெயின் த்ரெட்டில் செய்யாதீர்கள்.

அப்புறம், ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த முறையில் போனின் மூல ஃபோல்டரையோ டவுன்லோட் ஃபோல்டரையோ முழுதாகத் தேர்ந்தெடுக்க சிஸ்டம் விடாது. பயனர் உங்களைத்தான் திட்டுவார், முன்கூட்டியே ஒரு வரி எழுதிவையுங்கள்.

பைட்டைப் பார்த்து வகை சொல்வது எப்படி?

ஃபைலின் ஆரம்பத்தில் பெரும்பாலான வகைகளுக்கு ஒரு முத்திரை உண்டு. யூனிக்ஸில் "ஃபைல்" என்ற கட்டளை 1973-லிருந்தே இதைச் செய்கிறது. ஜெராக்ஸ் கடை ஆப்புக்குத் தேவையானவை மட்டும், தசம எண்ணில் தருகிறேன்:

பிடிஎஃப்: 37 80 68 70 45
ஜேபெக்: 255 216 255
பிஎன்ஜி: 137 80 78 71 13 10 26 10
ஜிஃப்: 71 73 70 56
ஜிப்: 80 75 3 4
பழைய வேர்டு, எக்செல்: 208 207 17 224 161 177 26 225

வெப்பி படத்துக்கு இரண்டு இடம் பார்க்க வேண்டும்: முதலில் 82 73 70 70, நான்கு பைட் தள்ளி 87 69 66 80. முதல் நான்கை மட்டும் பார்த்தால் வேவ் ஒலி ஃபைலும் அதே முத்திரையோடு வந்து நிற்கும். எம்பி4 வீடியோவும் ஐபோனின் ஹெச்இஐசி படமும் இன்னொரு ஜோடி. இரண்டிலும் ஐந்தாவது பைட்டிலிருந்து 102 116 121 112. அதற்கு அடுத்த நான்கு பைட்தான் படமா வீடியோவா என்று சொல்லும். பிடிஎஃப் முத்திரை சில ஃபைல்களில் கொஞ்சம் தள்ளி இருக்கும். முதல் 1024 பைட்டுக்குள் தேடுவது நல்லது.

பிஎன்ஜியின் எட்டு பைட்டும் யோசித்து வைத்தவை. 137 என்பது 127-க்கு மேல், எட்டாவது பிட்டை வெட்டும் பழைய வழிகளில் போனால் உடனே தெரிந்துவிடும். 13 10-உம் கடைசி 10-உம், வரி முடிவை மாற்றும் மென்பொருள் கைவைத்ததா என்று காட்டிக்கொடுக்கும். 26 வந்தால் டாஸ் டெர்மினல் மேற்கொண்டு குப்பையைக் கொட்டாமல் நின்றுவிடும்.

முத்திரை எண்களைச் சரியாகத்தான் போட்டேன். பிடிஎஃப் பொருந்துகிறது, ஜேபெக் பொருந்தவே இல்லை.

கோட்லின் அல்லது ஜாவாவாக இருக்கும். அங்கே பைட்டுக்குக் குறை எண்ணும் உண்டு, -128 முதல் 127 வரை. 255 என்பது -1 ஆகவும், 216 என்பது -40 ஆகவும் வரும். பிடிஎஃப்பின் எண்கள் எல்லாம் 127-க்குக் கீழே, அதனால் தப்பித்தது. ஒப்பிடும் முன் 255-ஓடு பிட் வாரியாக ஆண்ட் போடுங்கள். ஸ்விஃப்ட்டிலும் டார்ட்டிலும் இந்தத் தொல்லை இல்லை.

வகை சரியாகச் சொல்கிறது, ஆனால் அதன் பிறகு சேமித்த ஃபைல் திறக்கவில்லை.

முத்திரை பார்க்கப் படித்த பைட்டுகள் ஸ்ட்ரீமிலிருந்து போய்விட்டன, மிச்சத்தைத்தான் சேமித்திருக்கிறீர்கள். மூடிவிட்டு மறுபடி திறங்கள், அல்லது பஃபர்டு ஸ்ட்ரீமில் மார்க், ரீசெட். இன்னொன்று: 16 பைட் கேட்டால் 16-உம் ஒரே தடவையில் வரும் என்று இல்லை. வரும்வரை சுற்றிப் படியுங்கள்.

வேர்டு ஃபைலைக் கொடுத்தால் ஜிப் என்று சொல்கிறது.

சரியாகத்தான் சொல்கிறது. டாக்எக்ஸ் (வேர்டு), எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செல்), இபப் (மின்னூல்), ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்) எல்லாமே ஜிப்தான். 80 75 என்பவை ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள். எது என்று தெரிய ஜிப்பைத் திறந்து உள்ளே இருக்கும் பெயர்களைப் பாருங்கள்: வேர்டு என்ற ஃபோல்டரில் டாக்குமெண்ட் எக்ஸ்எம்எல் இருந்தால் டாக்எக்ஸ், ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட் இருந்தால் ஏபிகே, முதல் உருப்படியே மைம்டைப் என்ற பெயரில் இருந்தால் பெரும்பாலும் இபப். பிரித்து எழுத வேண்டாம், பெயர்ப் பட்டியல் மட்டும் போதும். பிரித்து எழுதுவதாக இருந்தால், "மேல் ஃபோல்டருக்குப் போ" என்னும் இரட்டைப் புள்ளி உள்ள பெயர்களை மறுத்துவிடுங்கள். உங்கள் ஆப்பின் சொந்த ஃபைல்களின் மேலேயே எழுதிவிடும்.

கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே ஃபைலை எங்கள் ஆப் தடுக்க வேண்டுமா?

கண்டிப்பாக. வாட்ஸ்அப்பில் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே அனுப்பி, இன்ஸ்டால் செய்ததும் போனில் இருப்பதைத் திருடும் மோசடி இங்கே எல்லோரும் கேள்விப்பட்டதுதான். பெயர் "திருமண அழைப்பிதழ்.பிடிஎஃப்.ஏபிகே" என்று இருக்கும், லிஸ்டில் நீளமான பெயரை வெட்டிக் காட்டினால் கடைசிப் பகுதி மறைந்துபோகும். பெயரை வெட்டினால் நடுவில் வெட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் தெரியட்டும். வகையைப் பைட்டிலிருந்து எடுங்கள். ஆகாத வகைகளைத் தடுக்கும் பட்டியலை விட, அனுமதிக்கும் பட்டியல் வையுங்கள்: பிரிண்ட் எடுக்கக்கூடிய ஆறேழு வகை, மற்றதெல்லாம் வாசலோடு சரி.

டிஎக்ஸ்டி ஃபைலுக்கு முத்திரை இல்லையே?

இல்லை. ஊகிக்க வேண்டியதுதான், அந்த ஊகம் தமிழுக்கு அடிக்கடி தப்பும். "127-க்கு மேல் பைட் நிறைய இருந்தால் அது டெக்ஸ்ட் இல்லை" என்று சில லைப்ரரிகள் முடிவு கட்டும். தமிழ் யூடிஎஃப்-8 முழுக்க அப்படித்தான் இருக்கும்: ஒவ்வொரு குறியும் 224-இல் தொடங்கி, அடுத்தது 174 அல்லது 175, பிறகு இன்னொன்று. ஆகவே யூடிஎஃப்-8-ஆகப் பிரித்துப் பாருங்கள், பிரிந்தால் டெக்ஸ்ட். முதல் 512 பைட்டை மட்டும் எடுத்தால் கடைசிக் குறி பாதியில் அறுபட்டிருக்கலாம். அதைப் பிழை என்று எண்ணாமல் கடைசி இரண்டு மூன்று பைட்டை மன்னித்துவிட வேண்டும். நடுவே 0 மதிப்புள்ள பைட் வந்தால் பெரும்பாலும் டெக்ஸ்ட் இல்லை, அல்லது யூடிஎஃப்-16.

டிடிபி சென்டர்களிலிருந்து வரும் பழைய ஃபைல்களில் இன்னொரு வகை உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்தது என்றால் ஃபைலுக்குள் இருப்பவை சாதாரண ஆங்கில எழுத்துகள்தான்; எந்தச் சோதனையும் அதை ஆங்கில டெக்ஸ்ட் என்றே சொல்லும். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீடு என்றால் 127-க்கு மேல் போகும், யூடிஎஃப்-8-ஆகப் பிரியாது. இரண்டையும் பிரிண்டுக்கு அனுப்பும் முன் முன்தோற்றம் காட்டி மனிதரிடமே கேட்டுவிடுங்கள்.

ஐபோனில்?

ஃபைல்மேனேஜரின் "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" ஃபங்ஷனே ஃபோல்டரா என்பதையும் சேர்த்துச் சொல்லும். யூஆர்எல்லின் "ஹாஸ் டைரக்டரி பாத்" அப்படி இல்லை, கடைசியில் சாய்கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்; டிஸ்கைத் தொடவே தொடாது. வகைக்கு, ஐஓஎஸ் 14 முதல் யூடிடைப் இருக்கிறது. அதன் "கன்ஃபார்ம்ஸ்" அருமையான விஷயம்: பிஎன்ஜியா ஜேபெக்கா என்று தனித்தனியாகக் கேட்காமல் "படமா" என்று ஒரே கேள்வி. அதுவும் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனை வைத்துத்தான் சொல்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆப்பிளில் சில "ஃபைல்கள்" உண்மையில் ஃபோல்டர்கள், பேக்கேஜ் என்பார்கள். ஃபோல்டர் என்று பதில் வந்ததும் உள்ளே இறங்காமல், பேக்கேஜா என்றும் கேளுங்கள். இன்னொரு பள்ளம்: மேக்கில் ஓடும் சிமுலேட்டர் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, நிஜ ஐபோன் பார்க்கும்.

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ்?

ஃப்ளட்டரில் ஃபைல்சிஸ்டம்என்டிட்டியின் "டைப்" ஒரே கேள்வியில் ஃபைல், ஃபோல்டர், காணோம் என்று பிரித்துவிடும்; லிங்கையும் தனியாகக் காட்ட "ஃபாலோ லிங்க்ஸ்" என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். மைம் பேக்கேஜுக்கு வெறும் பெயரைக் கொடுக்காமல் ஹெடர் பைட்டுகளையும் கொடுங்கள். ரியாக்ட் நேட்டிவில் எஃப்எஸ் லைப்ரரியின் ஸ்டாட் இதைச் சொல்லும். கன்டென்ட் யூஆர்ஐ தொல்லை இரண்டிலும் அப்படியே உண்டு.

டிரைவில் இருக்கும் கூகுள் டாக் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பைட்டே வரவில்லை.

அதற்கு உள்ளே பைட் கிடையாது, அது மாய டாக்குமெண்ட். ஆண்ட்ராய்டு 7-லிருந்து அதற்கென ஒரு ஃபிளாக் உண்டு. பிடிஎஃப்பாக மாற்றித் தரும்படி அந்த ஆப்பிடமே கேட்கலாம்.

"கோவில்" என்று ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது. பெயரை ஒப்பிட்டால் சமம் இல்லை என்கிறது.

"கோ"வில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் வேறு. மேக்கில் செய்த ஜிப்பிலிருந்து வந்த பெயர்களில் இரண்டாகப் பிரிந்திருப்பது சகஜம். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சிக்கு (குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள். ஆனால் டிஸ்கில் இருப்பதைத் திறக்க, டிஸ்க் கொடுத்த பெயரையே அப்படியே பயன்படுத்துங்கள்.

சோதிக்க என்னென்ன ஃபைல் வைத்துக்கொள்வது?

இவை இருந்தால் பாதி பிழை கடைக்குப் போகும் முன்பே அகப்படும்: பிடிஎஃப் என்று ரீநேம் செய்த போட்டோ, எக்ஸ்டென்ஷனே இல்லாத பிடிஎஃப், இடைவெளியோடு தமிழ்ப் பெயர் உள்ள படம், புள்ளி வைத்த பெயருடைய ஃபோல்டர், காலி ஃபோல்டர், பூஜ்யம் பைட் ஃபைல், ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி, தமிழ் டெக்ஸ்ட், பாமினி டெக்ஸ்ட், பெரிய எழுத்தில் எக்ஸ்டென்ஷன் உள்ள ஜேபெக், டாக்எக்ஸ், ஒரு ஏபிகே. பூஜ்யம் பைட் ஃபைலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முதல் நான்கு பைட்டை எடுக்கும் கோட் அதில்தான் விழும்.